காம்பு விட்ட கனி

திருவானைக்கா கோயில் மதிலுக்கு அடுத்த தெரு ஒன்றில் எங்கள் வீடு இருக்கிறது. அப்புத் தலம் ஆதலால் சம்புகேசுவரர் கருவறையில் நீர் கசிந்துகொண்டே இருப்பதை அன்பர்கள் அறிவீர்கள். அதே ஊரில், அந்த ஈரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், எங்கள் மொட்டைமாடி சித்திரை வெயிலில் அடுப்புக்கல் போல் காயும். வீட்டில் மண் என்று சொல்லத்தக்க இடமே கிடையாது. கொல்லைப்புறத்தில் குளியலறை கட்டிய பிறகு துளசி மாடம் மாடிக்கு ஏறிவிட்டது. அதைச் சுற்றிப் பன்னிரண்டு அடி நீளமும் பத்து அடி அகலமும் உள்ள இடம்தான் மிச்சம். அங்கேதான் மூன்றாண்டுகளுக்கு முன்பு நான் வெள்ளரி வளர்த்தேன். வளர்த்தேன் என்பதைவிட, என் மாமியார் வளர்த்தார், நான் கைகால்களாக இருந்தேன் என்று சொல்வதே நியாயம்.

அத்தைக்கு அப்போது 93 வயது. மார்கழிக் கடைசியில் காய்ச்சல் கண்டு மருத்துவமனையில் ஒன்பது நாள் இருந்து திரும்பியவருக்கு உணவின்மேல் இருந்த ஆசை முழுவதுமாகப் போய்விட்டிருந்தது. கஞ்சியை இரண்டு வாய் வாங்கிக்கொண்டு தலையை அசைத்துவிடுவார். ஒரு நாள், தை மாதத் தொடக்கத்தில், தாமாகவே கேட்டார்: “வெள்ளரிப்பழம் கிடைக்குமா, அம்மாடி?”

பல் இல்லாதவர்கள் விரும்பும் பழம் அது. மாவுபோல் உதிரும். நாட்டுச் சர்க்கரையும் ஒரு சிட்டிகை ஏலப்பொடியும் தூவிப் பிசைந்தால் விழுங்க வேண்டிய சிரமமே இல்லை. என் கணவர் அன்றைக்கே காந்தி மார்க்கெட்டுக்குப் போய் அலைந்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். பருவம் வர இன்னும் இரண்டு மூன்று மாதம் ஆகும் என்றார்கள். அத்தையிடம் சொன்னபோது அவர் சற்றும் வருந்தவில்லை. “அப்படியானால் விதை போடு. பருவத்துக்கு முன்னால் இருக்கிறோம் என்றால் போடுவதற்குச் சரியான நேரம் என்று பொருள்” என்றார்.

லால்குடிக்கு அப்பால் கொள்ளிடக் கரையில் பிறந்தவர் அவர். ஆற்றில் நீர் வடிந்ததும் மணலில் குழி பறித்து, எரு இட்டு, ஊற்று தோண்டிக் குடத்தால் நீர் மொண்டு ஊற்றி வெள்ளரி வளர்த்த குடும்பம். நானோ முப்பத்தொரு ஆண்டு கணக்கு கற்பித்தவள். கறிவேப்பிலைச் செடியைக்கூட இரண்டு முறை சாகவிட்டவள்.

விதை இரண்டு இடங்களிலிருந்து வந்தது. ஒன்று கடையில் வாங்கிய வண்ணப் பொட்டலம். மற்றொன்று கோயில் வாசலில் பூக்கட்டி விற்கும் அம்மாள் தம் ஊரிலிருந்து கொண்டுவந்து தந்த காகித மடிப்பு. சாம்பல் பூசிய பதினொரு விதைகள் அதில் இருந்தன. பூச்சி அரிக்காமல் இருக்கச் சாம்பலில் புரட்டி வைப்பது வழக்கமாம். எனக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தன. அத்தை கடை விதையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இது யார் வீட்டுப் பிள்ளையோ” என்று மட்டும் சொன்னார்.

இடம் இல்லையே என்று தயங்குகிறவர்களுக்காகச் சற்று விரிவாகச் சொல்கிறேன். வெள்ளரிக்குத் தரையில் இடம் வேண்டியதில்லை. வேர் இறங்க ஓரடிக்கு மேல் ஆழமும், கொடி ஏற நான்கு கயிறும், நாளுக்கு ஆறு மணி நேர வெயிலும் போதும். குரோ பேக் என்று கேட்டால் கடைகளில் தருகிற பைகளில் பதினைந்து அங்குல அகலமும் அதே உயரமும் உள்ளவற்றில் நான்கு வாங்கினோம். அடியில் துளை இட்ட பழைய வாளியும் ஆகும். செம்மண், மட்கிய தொழு உரம், ஊறவைத்துப் பிழிந்த தென்னை நார்க்கழிவு மூன்றையும் சம பங்கு கலந்து, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு சேர்த்தோம். பையை நேராகத் தளத்தில் வைக்கக்கூடாது. இரண்டு செங்கல்லின்மேல் வைத்தால் நீர் தேங்கித் தளம் ஊறாது. நிரப்பிய பையைத் தூக்கவும் கூடாது. வைக்கும் இடத்தில் வைத்துவிட்டுச் சிறு சொம்பால் மண்ணை நிரப்புங்கள். நம் வயதில் முதுகு பிடித்தால் வெள்ளரியைப் பார்க்க மாடிக்கு யார் ஏறுவது?

விதையை இரவு நீரில் ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில் பைக்கு மூன்றாக இட்டேன். ஐந்தாம் நாள் இரண்டு இலைகள் கைகுவித்தாற்போல் எழும்பின. பைக்கு ஒரு கன்றை விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடச் சொன்னார் அத்தை. என்னால் முடியவில்லை. “மூன்றும் இருந்தால் மூன்றும் காய்க்காது” என்றார். கட்டிலிலிருந்து மாடியைப் பார்க்க இயலாது என்பதால் இரண்டு நாள் பொய் சொன்னேன். மூன்றாம் நாள் கிள்ளினேன்.

அத்தைக்கு நான் தினமும் மாலையில் நிலவரம் சொல்ல வேண்டும். எத்தனை இலை, எத்தனை முழம், சுருள் எந்தக் கயிற்றைப் பற்றியது என்றெல்லாம் கேட்பார். செம்பழுப்பு வண்டு இலையைச் சல்லடை ஆக்கியபோது, காலைப் பனி ஈரத்தில் அடுப்புச் சாம்பலைத் தூவச் சொன்னார். எங்களிடம் ஏது அடுப்புச் சாம்பல்? நாவல் மரத் தலத்தில் இருந்துகொண்டு சாம்பலுக்கு அலைந்து, கடைசியில் சலவைக்கடைக்காரரின் கரிப்பெட்டியிலிருந்து வாங்கி வந்தேன். உச்சிக்காலத்தில் அர்ச்சகர் புடவை அணிந்து அம்பாளாகவே சுவாமியைப் பூசிக்கும் நேரத்து மணி ஓசை எங்கள் மாடிக்குக் கேட்கும். அது கேட்டதும் கொடிக்கு மேல் பழைய வேட்டியை நிழலாகக் கட்டிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. நீர் காலையும் மாலையும். ஒரு வேளை மறந்தால் காய் கசக்கும். வெயிலிலும் தாகத்திலும் கொடி தவிக்கும்போதுதான் அந்தக் கசப்பு மிகுகிறது. நுனியை அரிந்து தேய்த்து நுரை எடுக்கும் நம் வீட்டுப் பழக்கம் எத்தனை பயன் தரும் என்று எனக்கு உறுதி இல்லை. காம்புப் பக்கத்துத் துண்டை எறிந்துவிடுவது பயன் தரும்.

இவ்வளவும் மாடியில் நடந்தது. கீழே வேறொன்று நடந்துகொண்டிருந்தது.

என் கணவர் தை மாதத்திலிருந்து நாள்தோறும் 108 முறை மிருத்யுஞ்சய மந்திரம் சொல்லிவந்தார். மாதம் ஒரு முறை வீட்டிலேயே ஹோமமும் நடந்தது. எங்கள் மாமனாரின் எண்பதாம் ஆண்டு சதாபிஷேகம் திருக்கடையூரில், காலனை உதைத்த மூர்த்தியின் சந்நிதியில் நிகழ்ந்தது. மார்க்கண்டேயனுக்கு இரங்கிய பெருமான் என் தாய்க்கும் இரங்குவான் என்பது அவர் நம்பிக்கை. அதில் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? ஆனால் அத்தையின் எடை குறைந்துகொண்டே வந்தது. விழுங்கும்போது புரை ஏறியது. பங்குனி உத்திரத்துக்கு முன்வாரம் மருத்துவர், மூக்கின் வழியே குழாய் பொருத்தி உணவு செலுத்தலாம், ஆனால் இந்த வயதில் அது கட்டாயம் என்று தாம் சொல்லமாட்டேன், முடிவு குடும்பத்தாருடையது என்றார். கணவர் அப்போதே சம்மதம் என்றார். அத்தை வேண்டாம் என்று கையை அசைத்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதை எழுதத்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன் என்று தோன்றுகிறது. அத்தைக்கு அந்தக் குழாய் வேண்டாம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் எனக்கும் அப்போது 68 வயது. இரவில் மூன்று முறை எழுந்து அவரைத் திருப்பிப் படுக்கவைத்து, துணி மாற்றி, மீண்டும் கண் அயர்வதற்குள் விடிந்துவிடும். அப்படிப்பட்ட ஓர் இரவில், இது எப்போது முடியும் என்று என் மனம் நினைத்தது. நினைத்தது ஒரு கணம்தான். என்றாலும் நினைத்தது நான்தான். அதற்குப் பிறகு, ‘அவரை விட்டுவிடுங்கள்’ என்று நான் கணவரிடம் சொன்னால், அது அத்தைக்காகச் சொல்வதா, எனக்காகச் சொல்வதா என்று எனக்கே பிரித்தறிய முடியவில்லை. அம்பாள் சந்நிதியில் நின்று கேட்டேன். விடை வரவில்லை. மாடிக்குப் போய்க் கொடிக்கு நீர் ஊற்றினேன்.

அந்த வாரம் மாடியிலும் நிலைமை சரியில்லை. கடை விதைக் கொடி பங்குனி பிறப்பதற்குள் பச்சைப் பசேலென்று ஆறேழு காய் தந்துவிட்டது. துருவித் தயிரில் கலந்து கொடுத்தேன். அத்தை இரண்டு கரண்டி உண்டுவிட்டு, “நல்லது. ஆனால் நான் கேட்டது இதில்லை” என்றார். பூக்காரம்மாவின் விதையோ பூவாகப் பூத்துத் தள்ளியதே அன்றி ஒரு பிஞ்சும் நிற்கவில்லை. மஞ்சள் பூவின் பின்னால் விரல்நுனி அளவில் காய் தோன்றும். மூன்றாம் நாள் பழுப்பாகி உதிரும். ஆற்று மணலில் இப்படி நேர்ந்ததே இல்லை என்று அத்தையும் திகைத்தார்.

பிரதோஷத்தன்று கோயிலில், வேளாண்மைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். “மாடியில் தேனீ வருகிறதா?” என்றார் அவர். வெள்ளரியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. முதலில் வருவன எல்லாம் ஆண் பூ. பின்னால் குட்டிக் காயோடு வருவதே பெண் பூ. மகரந்தத்தைக் கொண்டுசேர்க்க ஆள் இல்லாவிட்டால் பிஞ்சு உதிரத்தான் செய்யும். காலை ஒன்பது மணிக்குள் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கிவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தொட்டுவிடுங்கள் என்றார். மறுநாள் செய்தேன். அத்தையிடம் சொன்னபோது பொக்கை வாயால் சிரித்தார். “உன் மாமனார் இருந்தால், வண்டு செய்கிற வேலைக்கு என் மருமகளை அனுப்பினாயா என்று கேட்டிருப்பார்.”

நான்கு பூக்களைத் தொட்டதில் இரண்டு பிஞ்சு நின்றன. ஒன்றைப் பழ ஈ கொத்திவிட்டது. எஞ்சிய ஒன்றைத்தான் துணிப்பையால் மூடிக் காத்தேன். அது பருத்துக் கனத்தபோது கொடி தாங்காதே என்று, அத்தையின் பழைய நூல்புடவையில் ஒரு முழம் கிழித்துத் தூளிபோல் கட்டினேன்.

உத்திரத்தன்று மாலை. கணவர் ஜபம் முடித்து அத்தையின் நெற்றியில் திருநீறு இட வந்தார். அத்தை அவர் கையைப் பற்றிக்கொண்டு, “அந்த மந்திரத்துக்குப் பொருள் என்ன, தம்பி?” என்று கேட்டார். மூத்த மகனைத் தம்பி என்றே அழைப்பார்.

ரிக் வேதத்தின் ஏழாம் மண்டலத்தில் 59-ஆம் சூக்தத்தின் நிறைவாக வருவது அது. யஜுர் வேதத்திலும் இடம்பெறுகிறது. என் கணவருக்கு ஸ்வரம் பிசகாமல் சொல்லத் தெரியும். பொருளும் தெரியும், படித்திருக்கிறார். ஆனால் அதைத் தாயிடம் வாய்விட்டுச் சொல்ல நேர்ந்தபோதுதான் தடுமாறினார். முக்கண்ணனை வணங்கி, மரணத்தின் கட்டிலிருந்து விடுபட வேண்டும், அமுத நிலையிலிருந்து விலகாதிருக்க வேண்டும் என்று வேண்டுவது, என்று நிறுத்தினார்.

“எப்படி விடுபட வேண்டுமாம்?”

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “வெள்ளரிப்பழம் காம்பிலிருந்து விடுபடுவதுபோல” என்றார்.

அத்தை என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் அப்படியொரு வேடிக்கை. “வெள்ளரிப்பழமா! இத்தனை நாளாக என்னிடம் சொல்லவில்லையே. அது காம்பு விடுவதை நான் எத்தனை பார்த்திருக்கிறேன். மற்றப் பழம் கொடியை விட்டு விழ வேண்டும். இது தரையில் கிடக்கும். பழுத்ததும் இதுவும் விடும், கொடியும் விடும். யார் யாரை விட்டார் என்றே தெரியாது. அதையா நீ தினமும் 108 தரம் எனக்காகக் கேட்கிறாய்?”

“நீங்கள் இருக்க வேண்டும் என்று கேட்கிறேன், அம்மா” என்றார் கணவர். குரல் உடைந்திருந்தது.

“நீ கேட்பது வேறு. மந்திரம் கேட்பது வேறு போலிருக்கிறதே.”

அவர் எழுந்து போய்விட்டார். அன்றிரவு உண்ணவில்லை. மந்திரத்தைத் தாயே கேலி செய்துவிட்டதாக எண்ணினார் என்று நினைக்கிறேன். நீண்ட ஆயுளுக்கும் நோய் நீங்கவும் அந்த ஜபத்தைச் செய்வது பெரியோர் காட்டிய நெறியே; அத்தையும் அதை மறுத்தவர் அல்லர். மருத்துவரிடம் இன்னும் ஒரு மாதம் பார்த்துச் சொல்கிறோம் என்று மட்டும் அவர் தெரிவித்தார். அடுத்த நாளிலிருந்து காலையில் மாடிக்கு வரத் தொடங்கினார். ஒன்றும் பேசமாட்டார். தூளியில் கிடந்த காயைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார்.

இதற்குள் எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. கடை விதைக் கொடியில் ஒரு காயை விதைக்கென்று விட்டுவைத்திருந்தேன். அது மஞ்சளாகி, தோல் தடித்து, நாள்கள் போயும் காம்பை விடவே இல்லை. கைவிரலால் அசைத்தாலும் இறுக்கம் குறையவில்லை. கடைசியில் கொடியிலேயே அழுகத் தொடங்கியது. வேதம் சொன்னது பொய்யா என்று கணக்கு ஆசிரியையின் புத்தி கேட்டது. பிரதோஷப் பெரியவரிடமே மீண்டும் போனேன். இரண்டும் ஒன்றல்ல என்று விளக்கினார். சாலட் வெள்ளரி ஓர் இனம். காயாக உண்பதற்கென்றே வளர்ப்பது. அது காம்பை எளிதில் விடாது. நம் ஊரில் வெடித்துப் பழுக்கும் வெள்ளரிப்பழமோ, முலாம்பழத்தின் இனத்தைச் சேர்ந்தது. பழுக்கும்போது காம்பு சேரும் இடத்தில் ஒரு மெல்லிய படை தானே உருவாகி இரண்டையும் பிரித்துவிடும். “கத்தரி தேவைப்படாத பழம்” என்றார். அத்தையிடம் சொன்னேன். “யார் வீட்டுப் பிள்ளையோ என்று அப்போதே சொன்னேனே” என்றார்.

சித்திரை இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் விடியற்காலை, மாடிப்படியின் பாதியிலேயே மணம் வந்தது. வெள்ளரிப்பழத்தின் மணம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்லி விளங்காது. அந்த மந்திரத்தில் இறைவன் நறுமணம் உடையவன் என்று போற்றப்படுகிறான் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. கணவர் எனக்கு முன்பே மேலே நின்றிருந்தார். பழம் தூளிக்குள் வெளிர்மஞ்சளாகக் கிடந்தது. தோலில் நீளவாக்கில் ஒரு வெடிப்பு, உள்ளே வெண்மை. அவர் இரு கைகளையும் துணிக்கு அடியில் கொடுத்துச் சற்றே உயர்த்தினார். அவ்வளவுதான். இழுக்கவில்லை, திருகவில்லை. பழம் கையில் இருந்தது; காம்பு கொடியில் இருந்தது. காம்பின் முனை வட்டமாக, உலர்ந்து, ஒரு துளி பாலோ நீரோ கசியாமல் இருந்தது. அவர் அதை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார். வெயில் ஏறும் வரை நின்றார். நான் கீழே வந்துவிட்டேன்.

பூசை அறையில் அகிலாண்டேசுவரிக்கு நிவேதனம் செய்த பிறகு அத்தைக்குக் கொடுத்தோம். நாட்டுச் சர்க்கரை போட்டுப் பிசைந்து, அரைக் கரண்டி அரைக் கரண்டியாக அவர் மகன்தான் ஊட்டினார். ஏழு வாய் உண்டார்; புரை ஏறவில்லை. “இனிப்பு குறைவு” என்றார். பிறகு, “மணல் ஊற்று நீர் இல்லையே, அதற்கு யார் என்ன செய்வது” என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

அன்று மாலை கணவர் மருத்துவருக்குத் தொலைபேசியில் பேசினார். நான் அடுக்களையில் இருந்தேன்; குழாய் வேண்டாம் என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. ஜபத்தை நிறுத்தவில்லை. பூசை அறையில் சொல்லிவந்ததை அத்தையின் கட்டிலருகே நாற்காலி போட்டுச் சொல்லத் தொடங்கினார். இரவில் ஒரு முறை அவரும் எழுந்தார். என்னை எழுப்பாமல் தாமே திருப்பிப் படுக்கவைக்கக் கற்றுக்கொண்டார். அந்த ஒரு கணத்து நினைப்பை ஒரு நாள் அவரிடம் சொன்னேன். “எனக்கும் வந்தது” என்றார். பிறகு நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இருபத்து மூன்றாம் நாள், வைகாசி பிறந்த முதல் வாரத்தில், விடியற்காலையில் அத்தை உறக்கத்திலேயே போனார். கணவர் அருகில் இருந்தார். எந்த மூச்சு கடைசி என்று தமக்குத் தெரியவில்லை என்றார்.

பழத்தின் விதைகளை அன்றே கழுவி நிழலில் உலர்த்தியிருந்தேன். காரியங்கள் எல்லாம் முடிந்த பின் ஹோமகுண்டத்துச் சாம்பலில் புரட்டிக் காகிதத்தில் மடித்தேன். பூக்காரம்மாவிடம் பதினொன்று வாங்கியிருந்தேன். ஐம்பது எண்ணி எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். எதற்கு இத்தனை என்று கேட்டார். வட்டி என்றேன். அவர் எண்ணிப் பார்க்காமல் மடிப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கையிலிருந்த மல்லிகையில் ஒரு முழம் கிள்ளி நீட்டினார்.